இருபது அங்குல அட்டை

காலை மணி பதினொன்று இருபது. முதலில் கண்ணில் பட்டது தபால்காரர் கையிலிருந்த பழுப்பு உறையின் தடிமன். வேண்டாமென்று திரும்பி வரும் நாடகம் புடைத்துக்கொண்டு வரும். என்னுடையது அப்படித்தான் இரண்டு வாரத்துக்கு முன்பு வந்தது. எங்களோடு எழுதிய டீச்சருடையது அதற்கு மறுநாள் வந்தது. இந்த உறை மெலிந்திருந்தது. உள்ளே ஒரு தாள், மிஞ்சினால் இரண்டு தாள்தான் இருக்க முடியும். மேலே மாஸ்டரின் பெயர் இருந்தது.

மூவருக்கும் என் அறைதான் முகவரி. கோவையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்கு நான் திருப்பூரின் பகுதி நேர நிருபர். தபால்காரருக்குத் தினமும் வந்து பழகிய வாசல் அது. உறையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். நொய்யல் பாலம் தாண்டி பனியன் கம்பெனிக்குப் போக வழக்கமாகப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். அன்று எட்டு நிமிஷத்தில் போனேன். எனக்கு வந்திருக்கக் கூடாதா என்ற நினைப்பு பாலம் வரை இருந்தது. பாலத்துக்குப் பிறகு இல்லை.

மாஸ்டர் என்பது அந்தக் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி, அதன்மேல் அட்டை வைத்துக் கோடு போட்டு, பனியனாக வெட்டிக் கொடுப்பவர். வயது நாற்பது இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திப் பள்ளிவாசல் வீதியிலிருந்து கத்தரிக்கோலோடு கிளம்பியவர். கம்பெனியில் பொங்கலுக்குப் போடும் நாடகங்களை அவர்தான் எழுதுவார்.

சென்னையில் டெலிவிஷன் தொடங்கிய மறு வருஷம் அது. எங்கள் பத்திரிகையின் மூலையில் இரண்டு அங்குல அறிவிப்பு ஒன்று வந்தது. அரை மணி நேர டெலிவிஷன் நாடகங்கள் வரவேற்கப்படுகின்றன, புதியவர்களும் எழுதலாம் என்றிருந்தது. அதைக் கத்தரித்து டீக்கடையில் மாஸ்டரிடம் காட்டினேன். பக்கத்து பெஞ்சில் பள்ளிக்கூட நோட்டுகளோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த டீச்சர் எட்டிப் பார்த்தார். அவிநாசிபாளையம் தாண்டி ஒரு கிராமத்தில் பல தலைமுறையாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுபவர். நான் கொமரலிங்கத்தில் நெல் விளைவிக்கிற வீட்டுப் பிள்ளை. எதையும் மூன்று பத்தியில் எழுதிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மூவரில் ஒருவரும் டெலிவிஷனைப் பார்த்ததில்லை. திருப்பூரில் ஒரு பெட்டி கிடையாது. இருந்தாலும் படம் வராது. அவ்வளவு தூரம் அலை எட்டாது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிங் ஹாலில் கூடினோம். சாவி மாஸ்டரிடம் இருந்தது. ஊரிலேயே நீளமான மேஜை அங்கேதான் இருந்தது. முதலில் என் நாடகத்தை வாசித்தேன். யார், எங்கே, எப்போது, எப்படி இறந்தார்கள் என்பது முதல் காட்சியிலேயே வந்துவிட்டது. பத்திரிகைப் பழக்கம்.

"ஏனுங்க, மொதப் பக்கத்துலயே அல்லாருஞ் செத்துப் போயிட்டா மீதிப் பக்கத்துல யாருங்க பேசறது?" என்றார் டீச்சர்.

டீச்சரின் நாடகத்தில் இருபத்திரண்டு குழந்தைகளும் ஒரு கழுதையும் இருந்தன. நடுவில் மழை வேறு.

"டீச்சரம்மா, இத்தன பேரு அந்தப் பொட்டிக்குள்ள எப்படிங்க நிப்பாங்க? டவுன் பஸ்ஸுல அடைக்கறாப்பல அடைக்கோணும். கழுதை படிக்கட்டுல தொங்கோணும்."

"அப்ப நீங்களே சொல்லுங்க மாஸ்டர், பொட்டி எத்தாச்சோடு?"

மாஸ்டர் அதற்கு அடுத்த ஞாயிறு பதில் கொண்டுவந்தார். ஏதோ ஒரு பத்திரிகையில் டெலிவிஷன் பெட்டி விளம்பரம் பார்த்திருக்கிறார். இருபது அங்குலம் என்று போட்டிருந்தது. பனியன் வெட்ட வைத்திருக்கும் கெட்டி அட்டையில் அகலம் இருபது, உயரம் பதினைந்து என்று ஒரு செவ்வகக் கோடு போட்டு, நடுவை வெட்டி எடுத்துவிட்டார். உயரத்தை விளம்பரப் படத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டாராம். அட்டையை உத்தரத்திலிருந்து நூலில் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் என்னையும் டீச்சரையும் உட்காரவைத்து, இந்தப் பக்கமிருந்து பார்த்தார்.

"ரெண்டு மொகந்தானுங்க புடிக்குது. மூணாவது ஆளு வந்தா ஒரு காதுதான் தெரியும்."

டெலிவிஷனில் மனிதர்கள் இருக்கிற அளவிலேயே தெரிவார்கள் என்பது அவர் முடிவு. சினிமாவில் பெரிதாகத் தெரிகிறதே என்று கேட்டேன். திரை பெரிது, அதனால் பெரிதாகத் தெரிகிறது என்றார்.

அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டேதான் தன் நாடகத்தை எழுதினார். இரண்டே பேர், ஒரே மேஜை. ஒரு கட்டிங் மாஸ்டர் ஒரு லாட் பனியனுக்குக் கழுத்தை அரை அங்குலம் தப்பாக வெட்டிவிடுகிறார். எதிரே முதலாளி உட்கார்ந்து வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிடுவதா, வேண்டாமா? நாடகம் முழுக்க அதுதான். யாரும் எழுந்திருப்பதில்லை. எழுந்தால் தலை அட்டைக்கு வெளியே போய்விடும். முதலாளிக்குக் கோபம் வரும் இடத்தில்கூட, "அவர் கை சாக்பீஸை உடைக்கிறது" என்று மட்டும் எழுதினார்.

வாசித்து முடித்தபோது டீச்சர் கை தட்டினார். நான் என் வழக்கப்படி கேட்டேன். "மாஸ்டர், இது நடந்ததுங்களா?"

அவர் அட்டையை நூலிலிருந்து அவிழ்த்தார். "நடந்ததுங்க. மூணு வருசத்துக்கு மிந்தி. நாடகத்துல அந்தாளு சொல்லிப்போடறான். நாஞ் சொல்லலீங்க. மொதலாளிக்கு இன்னைக்கு வரைக்குந் தெரியாது."

"நாடகம் வந்துச்சுன்னா தெரிஞ்சுருமே?"

"திருப்பூருக்குத்தான் படம் வராதே டீச்சரம்மா."

அந்த நாடகத்துக்குத்தான் மெலிந்த உறை வந்திருந்தது.

கம்பெனியில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாஸ்டர் கையைத் துடைத்துவிட்டு உறையைப் பக்கவாட்டில் கத்தரித்தார், துணி வெட்டுகிற அதே நேர்கோட்டில். நான் அவர் தோளுக்கு மேலே படித்தேன். டெலிவிஷன் நிலையத்துக்கு வந்த நாடகங்களில் பெரும்பாலானவை மேடைக்கோ சினிமாவுக்கோ எழுதப்பட்டவை. தங்களுடையது முகங்களையும் கைகளையும் நம்பி டெலிவிஷனுக்கென்றே எழுதப்பட்டிருக்கிறது. தாங்கள் இந்தத் துறையில் எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்பதை இணைப்புப் படிவத்தில் நிரப்பி அனுப்பவும். பயிற்சி பெற்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

மாஸ்டர் மூன்று முறை படித்தார். பிறகு மிஷின் சத்தத்தை மீறி என் காதில் கத்தினார். "எங்க பயிற்சின்னு கேக்கறாங்க!"

"கட்டிங் டேபிள்லன்னு எழுதுங்க!" என்று நானும் கத்தினேன். இருவரும் சிரித்தோம்.

ஞாயிறன்று சிரிப்பு குறைந்துவிட்டது. படிவத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. பயிற்சி பெற்ற இடம். இதுவரை பார்த்த டெலிவிஷன் நிகழ்ச்சிகள். உண்மையை எழுதினால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டியதுதான். நாடகம் வராமலே போகலாம்.

"தானாக் கத்துக்கிட்டதுன்னு போடுங்க. பொய்யில்லீங்களே?" என்றார் டீச்சர்.

"பாத்த நிகழ்ச்சிங்கற எடத்தைக் காலியா உடுங்க" என்றேன் நான். பத்திரிகையில் தெரியாததை அப்படித்தான் கடப்போம்.

மாஸ்டர் பேனாவைத் திறந்தார். "அரை இஞ்சைச் சொல்லலாமா வேண்டாமான்னு முப்பது பக்கம் எழுதிப்போட்டு, இங்க நானே மறைச்சனா என்னங்க அர்த்தம்? ஒருக்கா மறைச்சதே இன்னும் தொண்டையில நிக்குது." பிறகு தன் வட்டமான எழுத்தில் எழுதினார். பயிற்சி இல்லை. டெலிவிஷன் பார்த்ததில்லை. இருபது அங்குல அட்டை வழியாகப் பார்த்து எழுதியது.

எழுதியதோடு நிற்கவில்லை. கால் பங்கு அளவில், ஐந்துக்கு மூன்றே முக்காலாக, அதே அட்டையைச் சின்னதாக வெட்டி உறைக்குள் வைத்தார்.

"இது எதுக்குங்க?"

"ஆர்டர் வேணும்னா சாம்பிள் அனுப்போணுமில்லீங்க."

அடுத்த இருபது நாள் நான் தபால்காரரைத் தெருமுனையிலேயே பிடித்தேன். டீச்சர் பள்ளி விட்டு வரும் பஸ்ஸிலிருந்து ஜன்னல் வழியாகவே என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக் கேட்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். இருபத்தோராம் நாள் காலை பத்து ஐம்பதுக்கு இன்னொரு பழுப்பு உறை வந்தது. இதுவும் மெலிந்திருந்தது.

நாடகம் ஏற்கப்பட்டது. ஒளிபரப்பு அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு. தட்டச்சுக்குக் கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். "பெட்டியின் அளவை மூலைக்கு மூலை அளப்பது வழக்கம். தங்கள் அட்டையை எங்கள் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம்."

கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்ததும் மாஸ்டர் முதல் வரியில் துள்ளினார். கத்தரிக்கோலை மேஜையில் தட்டினார். பக்கத்து டேபிள்காரர்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பேனாவால் எழுதிய வரிக்கு வந்ததும் கழுத்திலிருந்த டேப்பை இழுத்து, சுருட்டிய நூலோடு எடுத்து வைத்திருந்த அட்டையை மூலைக்கு மூலை அளந்தார். இருபத்தைந்து. பனியனில் அப்படி அளக்கும் வழக்கமே கிடையாது.

"அடச் சாமி! அஞ்சு இஞ்சு சேத்து வெட்டிப்போட்டேனுங்க!"

அன்று சாயங்காலமே புது அட்டை வெட்டினார். பதினாறுக்குப் பன்னிரண்டு.

சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னோம். அந்த வாரம் துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாட் இருந்தது. அதனால் வேறு ஒரு முடிவு செய்தோம். ஒளிபரப்பாகும் அதே ஏழரைக்கு, அதே நாடகத்தை, இங்கே அட்டைக்குப் பின்னால் நாங்களே நடத்துவது. கட்டிங் மாஸ்டராக மாஸ்டர். முதலாளியாக நான். டீச்சர் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வரி எடுத்துக் கொடுப்பார்.

வெள்ளிக்கிழமை ஏழு இருபதுக்குக் கதவு திறந்தது. நிஜ முதலாளி நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. விஷயம் கம்பெனி முழுக்கத் தெரிந்திருந்தது. நாடகத்தின் கதை மட்டும் அவருக்குத் தெரியாது.

"என்னங்க மாஸ்டர், ஓட்டையத் தொங்க உட்டுட்டு உக்காந்திருக்கறீங்க?"

"டெலிவிசனுங்க மொதலாளி."

"இதுல படத்தக் காணமே?"

"நீங்க உள்ள வந்தீங்கன்னா வந்துருமுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் டீச்சர்.

முதலாளி என்னைப் பார்த்தார். "இவரு என்ன வேசம்?"

"மொதலாளி வேசமுங்க."

"எந்திரிங்க தம்பி. மொதலாளியா இருக்கறது உங்களுக்கென்ன தெரியும்? நாம் போடறேன்."

நான் எழுந்து அட்டைக்கு இந்தப் பக்கம் வந்தேன். நிறுத்திவிடலாம் என்று மாஸ்டருக்குச் சைகை காட்டினேன். நடக்கட்டும் என்று அவர் கையைக் காட்டினார். என் கடிகாரத்தில் ஏழரை. "ஆரம்பம்" என்றேன்.

அட்டைக்குள் இரண்டு முகங்கள். டீச்சர் மெதுவாக வரி எடுத்துக் கொடுக்க, முதலாளி அதைத் தன் பேச்சில் இன்னும் சத்தமாகச் சொன்னார். நூல் விலையைத் திட்டும் இடத்தில் சொந்தமாக நாலு வரி சேர்க்கப் பார்த்தார். டீச்சர் பிரதியால் மேஜையைத் தட்டி அடக்கினார். ஒரு கட்டத்தில் முதலாளி கோபத்தில் எழுந்துவிட்டார். அட்டைக்குள் சட்டைப் பொத்தான் மட்டும் நின்றது.

"உக்காருங்க மொதலாளி, தலை போயிருச்சு!" என்று மூவரும் கத்தினோம். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பிறகு அந்த வரி வந்தது. மாஸ்டர் பிரதியைப் பார்க்காமல் சொன்னார். "கழுத்து அரை இஞ்சு தப்பா வெட்டிட்டேனுங்க. யாருகிட்டயுஞ் சொல்லல."

டீச்சர் முதலாளியின் வரியை எடுத்துக் கொடுத்தார். "எந்த லாட்?"

முதலாளி அதைச் சொல்லவில்லை. மாஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைக்குள் இரண்டு முகமும் அசையவில்லை.

"நெசமாலுமேங்களா மாஸ்டர்?"

"நெசமுங்க. மூணு வருசத்துக்கு மிந்தி கேரளாவுக்குப் போன நாப்பது டசன்."

"மூணு வருசம் ஆச்சே. ஒன்னுகூடத் திரும்பி வரலியே?"

"வரலீங்க. வந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனுங்க."

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்தார். கையில் கொடுத்திருந்த சாக்பீஸை விரலால் உருட்டினார். உடைக்கவில்லை. டீச்சரின் உதடு வரியை வைத்துக்கொண்டு காத்திருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெட்ராசுல நாடகம் ஓடிட்டிருக்குது, நமக்காவ நிக்க மாட்டாங்க" என்றார் முதலாளி கடைசியில். "அடுத்த வரியச் சொல்லுங்க டீச்சர்."

மறுநாள் எட்டு மணிக்கு மாஸ்டர் வழக்கம்போல கட்டிங் டேபிளில் அடுத்த லாட் துணியை விரித்தார். பத்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து தபால் கார்டு வந்தது. ஒளிபரப்பு நன்றாக அமைந்தது, மொத்தம் இருபத்தெட்டு நிமிஷம் என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்கு முப்பத்தொன்று ஆகியிருந்தது.