இருநூற்றுப் பதினாலாம் நம்பர் நாவல்மரம்

ஆவடி குவார்ட்டர்ஸில் நம்பர் இல்லாத பொருள் கிடையாது. வீட்டுக்கு நம்பர், மின்விசிறிக்கு நம்பர், அப்பாவின் தொழிற்சாலையில் கொடுத்த கட்டிலின் காலுக்குக்கூட வெள்ளை பெயிண்டில் நம்பர். மரங்கள் மட்டும்தான் பெயரோடு நிம்மதியாக இருந்தன. நான் நாலாம் வகுப்பு படித்தபோது அதற்கும் வந்தது வினை. இரண்டு பேர் ஒரு பை நிறைய அலுமினியத் தகடுகளோடு வந்து, பெரிய மரங்களாகப் பார்த்து அடித்துக்கொண்டே போனார்கள். எங்கள் பிளாக் வாசலில் நின்ற நாவல்மரத்துக்குக் கிடைத்தது 214.

எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சென்னீர்குப்பத்திலிருந்து சித்தப்பா வந்தார். வண்டியை மரத்தடியில் நிறுத்தியவர் தகட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"நம்பர் குத்திட்டானா? அப்போ காலி. எங்க ஊட்டாண்ட புளியமரத்துக்கெல்லாம் இப்டித்தான் குத்திகினு போனான். ரோடு பெருசாக்குறேன்னு ஒண்ணு வுடாம சாச்சிட்டான்."

சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக மூன்று வடை சாப்பிட்டார். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

அந்த மரத்துக்கு ஏற்கெனவே ஓர் எதிரி உண்டு. மேல்வீட்டு மாமா புதிதாக வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். அதை நிறுத்த அந்த மரத்தடியை விட்டால் வேறு இடமில்லை. ஆனி மாதம் வந்தால் நாவற்பழம் விழுந்து கார் முழுக்க ஊதாக் கறை. தினமும் காலையில் துணியும் வாளியுமாக நின்றுகொண்டு, "வெட்டினாத்தான் விடியும்" என்பார். நம்பர் போட்டது அவருடைய சதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் அம்மாவின் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு போனேன். ஆணி முழுதாக இறங்காமல் துருத்திக்கொண்டிருந்ததால் நெம்பியதும் வந்துவிட்டது. திருப்பிதான் வளைந்துபோனது. அதற்கு அடி வாங்கினேன், தகட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அட்லஸுக்குள் ஆணியோடு ஒளித்து வைத்துவிட்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய நிறைவோடு தூங்கினேன்.

சனிக்கிழமை வாசலில் மேல்வீட்டு மாமாவின் குரல் கேட்டது. கூடவே ஓர் ஆள், கையில் அரிவாள், தோளில் கயிறு.

"நம்பர் போட்ட மரத்தைத்தான் தொடக்கூடாது, அதெல்லாம் கணக்குல இருக்கு. இதுல நம்பரே இல்ல பாருப்பா. தாராளமா வெட்டலாம்" என்று மாமா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

சென்னீர்குப்பத்தில் சாய்ப்பதற்கு நம்பர், இங்கே காப்பதற்கு நம்பர் என்று யார் கண்டது? உள்ளே ஓடி, அட்லஸை உதறித் தகட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். "இருக்கு! இதுக்கும் நம்பர் இருக்கு!" என்று கத்தினேன்.

மரம் வெட்டுகிறவர் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மரத்தோட ஆதார் கார்ட நீ வெச்சிகினு சுத்தற?" என்றவர் மாமாவிடம் திரும்பினார். "நம்பர் கீற மரம் சார். கை வெச்சா என்னைத் தூக்கி உள்ள வெச்சிருவான்."

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மாமா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சுத்தியலோடு வந்து தகட்டைப் பழைய இடத்திலேயே அடித்தார். அடித்தார் என்றா சொல்வது? ஆணியில் பாதிதான் உள்ளே போனது, மீதி இரண்டு விரற்கடை வெளியே நின்றது. காற்றடித்தால் தகடு லொடலொடவென்று ஆடியது. நன்றாக அடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "போதும்" என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிறவருக்கு ஓர் ஆணி ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லையே என்று எனக்கு அவமானமாக இருந்தது. சிநேகிதிகளிடம் அதை அடித்தது வேறு ஆள் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா ஓய்வுபெற்று நாங்கள் பருத்திப்பட்டுக்குக் குடிபோய்ப் பல வருஷமாகிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது மரத்தைப் பார்க்க இறங்கினேன். 214 இருந்தது. ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. அடிமரம் பருத்து ஆணியின் தலைவரைக்கும் வந்து, தகட்டை முட்டிக்கொண்டு நின்றது. நகம் நுழையக்கூட இடமில்லை.

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அதுக்குள்ளயா?" என்றார். "அப்ப ஆணியக் கொஞ்சம் வெளிய இழுத்து விட்டுட்டு வா தாயி. அது இன்னும் பெருக்கும்ல."

நாங்கள் குடியிருந்த வீட்டின் கதவைத் தட்டி, திறந்த பெண்மணியிடம் ஒரு தோசைத் திருப்பி கிடைக்குமா என்று கேட்டேன்.