டீச்சர் கிழித்த சேலை

டிவியில் ஏழைக் குடும்பத்தை வைத்து ஒரு சிரிப்புத் தொடர் ஓடுகிறது. அந்த வீட்டு அம்மா எப்போது வந்தாலும் முந்தானையில் கிழிசல். குனிந்தால் சிரிப்பு, நிமிர்ந்தால் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏன்டி, அந்த வீட்டுல ஒரு ஊசிகூடவா இல்ல?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்பேன். என் மகள் சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

அறுபதுகளில் கொடைக்கானலில் நான் ஏழாவது படித்தேன். அப்பா லாரிக்கு உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றினார். அம்மாவுக்கு ஒரு போர்டிங் பள்ளியில் துணி துவைத்து, கிழிசல் தைத்துக் கொடுக்கிற வேலை. நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் அவள் ரவிக்கையில் குத்தியிருக்கும்.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு கூலிக்காரன் குடும்பத்தைப் பற்றிச் சிரிப்பு நாடகம். அவன் பெண்டாட்டி நான். "உனக்குத்தான் பொருந்தும்" என்று டீச்சர் சொன்னதைப் பாராட்டு என்றே நினைத்தேன், மண்டு. வீட்டிலிருந்து பழைய சேலை கொண்டுவரச் சொன்னார். அம்மாவிடம் இருந்ததே இரண்டு. ஒன்றைக் கட்டிக்கொண்டு நாடகம் பார்க்க வந்தாள். மற்றதை என்னிடம் கொடுத்து, "பத்திரம்டி, திங்கக்கெழம வேலைக்குக் கட்டணும்" என்றாள்.

டீச்சர் சேலையை விரித்துப் பார்த்தார். "இவ்வளவு நல்லா இருந்தா யாரு சிரிப்பா?" என்று கத்தரிக்கோல் எடுத்து, முந்தானையை முழ நீளத்துக்குக் கிழித்துவிட்டார்.

நான் மேடையேறியதும் முன்வரிசை நாற்காலிகள் சிரிப்பில் குலுங்கின. பின்னால், தரையில் அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் சத்தமே இல்லை.

முதல் காட்சி முடிந்து திரை விழுந்தது. அம்மா விறுவிறுவென்று உள்ளே வந்தாள். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் ரவிக்கையிலிருந்து ஊசியை உருவி, "ஆடாம நில்லு" என்று தைக்க ஆரம்பித்தாள். உடுத்தியிருக்கும்போதே தைத்தால் தரித்திரம் பிடிக்கும் என்பார்கள். அதுதான் நாடகம் முழுக்கப் பிடித்துக் கிடந்ததே.

"என்னம்மா பண்றீங்க? இவ ஏழையா வரணும்" என்றார் டீச்சர்.

"ஏழையாவே வரட்டுங்க." அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "கிழிஞ்சதத் தைக்காமக் கட்டிட்டுத் திரியுற பொம்பள எங்க தெருவுல யாருமில்லங்க."

அடுத்த காட்சியில் நான் கிழிசலைத் தூக்கிக் காட்டி, "என் மானம் போச்சே" என்று அழ வேண்டும். தூக்கிக் காட்டினேன். அழுகை வரவில்லை. "எங்கம்மா தச்சது" என்றேன். முன்வரிசை முழித்தது. தரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அம்மா அப்போதுதான் சிரித்தாள்.

திங்கட்கிழமை அந்தச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

நாலு பேர் முன்னால் தலை குனியாமல் நிற்க எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. அதற்கு அம்மாவிடம் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "போடி, ரெண்டு மொழ நூலுக்கா இம்புட்டும்?" என்றிருப்பாள்.