போனில் ஓடிய மாவு மில்

எங்கள் மாவு மில் ஓடத் தொடங்கினால் ஏழு ஊர் ஜன்னல்கள் ஆடும். எட்டாவது ஊரில் தொட்டில் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து, என்ன சமாச்சாரம் என்று கேட்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். தெருமுனை வரை கேட்கும். அதுவும் காற்று ஒத்துழைத்தால்.

ஆனால் மில்லை ஒட்டிய அறையில் வளர்ந்த பெண்ணுக்கு உலகமே அந்தச் சத்தம்தான். மோட்டார் உறுமும், சல்லடை குலுங்கும். இரண்டுக்கும் மேலாக, பெல்ட்டில் ஒட்டுப்போட்ட இடம் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் ‘டப்’ என்று ஓர் அடி விழும். அந்த அடிக்கு அடி அவள் வாய்ப்பாடு படித்தாள். அந்த அடியிலேயே படித்துப் பொறியியல் கல்லூரியில் இடமும் வாங்கினாள். அவளுடைய அம்மாவுக்கோ அதைக் கேட்டாலே ஆகாது.

“இந்தச் சத்தத்துல மனுஷி குடியிருப்பாளா? ஒரு நாள் அந்த பெல்ட்டைக் கத்தரிக்கோலால வெட்டிப் போடறேன், பாருங்க” என்று மில்காரரான தன் புருஷனிடம் சொல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது.

மகள் விடுதிக்குப் போனாள். மூன்றாம் மாடியில் இருவர் தங்கும் அறை. நல்ல மேசை, நல்ல வெளிச்சம். சத்தம்தான் இல்லை. மற்றவர்கள் அமைதி தேடி நூலகத்துக்குப் போவார்கள். இவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறை வாசலில் போய் உட்காருவாள். காவலாளி விரட்டுவார். அறைக்கு வந்து கணக்கைத் திறந்தால் காதுக்குள் ஒரு பள்ளம். படிப்பதெல்லாம் வரி வரியாக அதில் விழுந்து காணாமல் போகும்.

முதல் தேர்வில் இயந்திரவியலில் தோற்றாள். எந்தக் கேள்வியில் தெரியுமா? சக்கரத்தைச் சுற்றிய பெல்ட் எவ்வளவு இழுத்தால் வழுக்கும் என்ற கேள்வியில். பெல்ட்டுக்குப் பக்கத்தில் பல் முளைத்தவள் பெல்ட்டிலேயே கோட்டை விட்டாள்.

“பிடிக்கலன்னா வந்துடும்மா. மில்லு எங்கயும் ஓடிப் போயிடாது” என்றார் அப்பா போனில். அம்மா போனை வாங்கி “சாப்பிட்டியா?” என்று கேட்டாள். “ம்” என்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அம்மா போனில் பேசுவது எப்போதும் அவ்வளவுதான்.

அடுத்த தேர்விலும் தோற்றால் பெட்டியைக் கட்டிவிடுவது என்று அன்றைக்கே அவள் தீர்மானித்தாள். அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது. இனிப்பாக இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

பொறியியல் படிக்கிறவள் சும்மா இருப்பாளா? மேசை விசிறியின் ஓர் இறக்கையில் மட்டும் ரப்பர் துண்டை ஒட்டி, அது ஒவ்வொரு சுற்றிலும் வந்து தட்டுகிற மாதிரி கம்பிக்கூண்டில் அட்டையைச் செருகினாள். ஒரு பக்கம் கனம் கூடிய விசிறி உடம்பெல்லாம் உதறி, மேசை ஓரத்துக்கு நடந்து, தொப்பென்று தரையில் குதித்து, வாசலைப் பார்த்துக் கிளம்பியது. அறைத்தோழி பாய்ந்து சுவிட்சை அணைத்திராவிட்டால் படியிறங்கி வகுப்புக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அறைத்தோழிக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர்; விடுதியே வைத்த பெயர். “ஏன்டி, இங்க நான் பண்றதே தூங்குற ஒரு வேலை. அதுலயும் மண்ணா?”

“எங்க மில்லு சத்தம் வேணும்டி. அது இல்லாம ஒண்ணும் ஏற மாட்டேங்குது.”

“அப்ப மில்லுக்கே போன் போடு. என் உயிரை வாங்காத.”

அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, ஒண்ணும் பேச வேணாம். போனை மூட்டை மேல வெச்சிட்டு உங்க வேலையைப் பாருங்க.”

“பைத்தியமா உனக்கு?” என்றார் அப்பா. ஆனால் வைத்தார்.

அதன் பிறகு மாலை தவறாமல் மில் அவள் காதுக்குள் ஓடியது. உறுமல், குலுக்கல், டப். இடையிடையே யாரோ மாவு கரகரப்பாக இருக்கிறதென்று சண்டை பிடிப்பார்கள். அதைக் கேட்டுச் சிரிப்பாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போவாள்.

இரண்டாம் தேர்வுக்கு முதல் நாள் மாலை அப்பாவின் குரல் இறங்கியிருந்தது. “மோட்டார் புகைஞ்சு போச்சும்மா. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன். நாளைக்குத்தான் வரும்.”

“பரவாயில்லப்பா. போன் அங்கயே இருக்கட்டும்.”

ஓடாத மில்லின் சத்தத்தை அவள் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி. மூட்டையை இழுப்பது போல விட்டுவிட்டு ஒரு கரகரப்பு. வேறொன்றும் இல்லை. அவள் ஒரு பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி பழைய பக்கத்துக்கே வந்தாள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியைக் காலால் வெளியே இழுத்தாள்.

டப்.

உறுமல் இல்லை, குலுக்கல் இல்லை. காலித் தகர டின்னில் கை படும் சத்தம். டப், டப், டப். முதலில் தடுமாறி, பிறகு பெல்ட்டின் அதே நடைக்கு வந்து சேர்ந்தது.

“அப்பா?”

அடிதான் விழுந்துகொண்டிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பென்சிலை எடுத்தாள். பெல்ட் கண்ணுக்கு முன்னால் ஓடியது; எந்தப் பக்கம் விறைப்பு, எந்தப் பக்கம் தொய்வு என்று தொட்டுப் பார்ப்பது போலத் தெரிந்தது. நடுவில் ஒரு முறை அடி நொண்டியது, பிறகு சமாளித்துக்கொண்டது. கடைசிக் கணக்கு முடியும் வரை நிற்கவில்லை.

தேறிவிட்டாள். பெட்டி மறுபடி கட்டிலுக்கடிக்கே போய்த் தூசி படிந்தது. மகளுக்காக மில்காரர் தாமே மில்லாக மாறி விடிய விடியத் தட்டியதில் அந்த டின் தேய்ந்து காகிதமாகி, காற்றில் பறந்தே போய்விட்டது என்றால்...

“அளந்தது போதும் அத்தை” என்கிறாள் பக்கத்தில் உட்கார்ந்து சாக்குக் கிழிசல் தைத்துக்கொண்டிருக்கும் மருமகள், அந்தப் பெண்ணின் அம்மா. “உங்க பிள்ளை போனை வெச்ச கையோட அதே மூட்டை மேல சாஞ்சு குறட்டை விட்டுட்டிருந்தார். தட்டினது நான். வலக்கை மரத்துப் போய் இடக்கைக்கு மாத்தினேன். அங்கதான் நொண்டிச்சு.”