முதல் வரிசைக்குப் பத்தாத மூச்சு

மூச்சு வாங்குவதை மறைக்க எத்தனை வழி உண்டோ அத்தனையும் எனக்கு அத்துப்படி. கொண்டையை அவிழ்த்து மறுபடி முடியலாம். காலில் கல் குத்திவிட்டதாக நொண்டிக்கொண்டே ஓரத்துக்குப் போகலாம். வராத போனை எடுத்துக் காதில் வைத்து, "சொல்லுங்க" என்று நகர்ந்துவிடலாம். கும்மிப் பயிற்சிக்குத் திரும்பப் போன முதல் வாரத்திலேயே இவை எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒன்று செய்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது.

வேலம்பாளையத்தில் எங்கள் வீதி முனை முருகன் கோயில் மைதானத்தில் வள்ளி கும்மி பழக்குகிறார்கள். ஆசிரியர் மைக்கில் வள்ளி கதையைப் பாடப் பாட, வரிசை கட்டி நின்று கைதட்டிக் காலெடுத்து ஆட வேண்டும். தொடக்கத்தில் மெதுவாகத்தான் இருக்கும். போகப் போகப் பாட்டு ஓட்டமெடுக்கும், நாமும் கூடவே குதிக்க வேண்டும். பழகி முடித்ததும் அரங்கேற்றம். பெண்கள் அத்தனை பேரும் ஒரே நிறச் சேலையில், காலில் சலங்கையோடு, ஊரே பார்க்க மணிக்கணக்கில் ஆடுவோம்.

நான் ஒரு காலத்தில் அதில் முதல் வரிசைக்காரி. மூச்சு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஆடுவேன். வாயும் அப்படித்தான். பின்வரிசையில் யாராவது நின்று இடுப்பைப் பிடித்தால், "ஏனுங்க, மத்தியானம் சோறு ஒரு கரண்டி எச்சாப் போயிருச்சுங்களா?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டு டெய்லர் அக்காதான் என்னிடம் இப்படி அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

கொரோனா வந்து கும்மி நின்றது. எல்லோரும் திரும்பியபோது எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அப்புறம் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன. பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜைக்கு முன்னால் நிற்பதும், வீட்டுக்கு வந்து டிவிக்கு முன்னால் உட்காருவதும்தான் என் உடம்புக்கு வேலை என்று ஆனது.

மகளுக்குப் பொங்கலூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்து, இரண்டு வீட்டாரும் உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயமான பிறகுதான் எனக்குத் திக்கென்றது. நான் விட்டிருந்த காலத்தில் அவள் கும்மி பழகி என் முதல் வரிசைக்கே வந்திருந்தாள். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒருநாளும் ஆடியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மிச்சமிருந்தது ஒரே ஒரு அரங்கேற்றம். அதில் அவள் பக்கத்தில் நின்று முதலிலிருந்து கடைசிவரை ஆடிவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

"அம்மிணி, ரொம்ப நாள் கழிச்சு வாறீங்க. கொஞ்ச நாளைக்குப் பின்னால நின்னு ஆடுங்க, மூச்சு பழகட்டும்" என்றார் ஆசிரியர்.

"கால் மறக்குமுங்களா?" என்று சொல்லிவிட்டு நேராக முன்னால் போய் நின்றேன்.

கால் மறக்கவில்லை. மூச்சுதான் மறந்திருந்தது. இரண்டாவது பாட்டிலேயே தொண்டை காய்ந்துவிட்டது. இழுத்த காற்று நெஞ்சுக்குள் இறங்காமல் கழுத்தோடு திரும்பியது. வாயைத் திறந்தால் மகள் பார்த்துவிடுவாளே என்று மூக்கால் விட்டேன். அது குக்கர் மாதிரி சத்தம் போட்டது.

"செத்த உக்காருங்மா" என்றாள் மகள்.

"போன் வருது கண்ணு" என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றேன். அங்கே டெய்லர் அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சோற்றைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "மெதுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். அவர் கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூச்சு பழகக் காத்திருக்கப் பொறுமை இல்லை. அதற்குள் அரங்கேற்றச் சேலை வந்துவிட்டது. கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். வயிறு தனியாக ஆடுவதற்குத் தயாராக நின்றது. சம்பந்தி வீட்டார் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

எங்கள் கம்பெனியில் வெளிநாட்டுக்கு விளையாட்டு உடைகளும், உடம்பை இறுக்கிப் பிடிக்கும் இன்னர்களும் தைக்கிறோம். என் வேலை அளவு பார்ப்பது. டேப் வைத்து மார்பு, இடுப்பு, நீளம் அளந்து, தவறிய பீஸில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன். டெய்லர்கள் கெஞ்சினாலும் விடமாட்டேன். அப்படித் தள்ளியதையெல்லாம் அவ்வப்போது ஆட்களுக்கே சல்லிசாகக் கொடுத்துவிடுவார்கள். திருப்பூரில் எந்த வீட்டுப் பீரோவைத் திறந்தாலும் கப்பலேறாமல் நின்ற துணி கொஞ்சம் கிடக்கும். என் பீரோவில் மார்புக்குக் கீழிருந்து தொடைவரை இறுக்கும் இன்னர் ஒன்று கிடந்தது. இருப்பதிலேயே சின்ன சைஸ். அதுவும் சொன்ன அளவைவிடச் சிறுத்துப்போனதால், நானே ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளியது. இழுத்தால் வரும் துணிதானே என்று எனக்கு நானே பாஸ் போட்டுக்கொண்டேன்.

அரங்கேற்றத்தன்று சாயங்காலம் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதற்குள் நுழைந்தேன். அதற்கே வியர்த்துவிட்டது. ஆனால் வயிறு காணாமல் போயிருந்தது. சேலை கட்டி வெளியே வந்தபோது, "அம்மா சூப்பருங்" என்றாள் மகள். அந்த ஒரு சொல்லுக்காக எதையும் தாங்கலாம் என்று நினைத்தேன்.

எங்கள் ஆசிரியருக்கு ஒரு வழக்கம் உண்டு. சலங்கையை அவர் கையால் வாங்கிக் கட்ட வேண்டும். ஆடி முடித்து அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். நடுவில் கழற்றக் கூடாது. மகள் தன் சலங்கையைக் கட்டிக்கொண்டு, என்னால் குனிய முடியாததைப் பார்த்து எனக்கும் கட்டிவிட்டாள்.

முதல் பாட்டு ஓடிவிட்டது. அவளும் நானும் ஒன்றாகத் திரும்பினோம், ஒன்றாகத் தட்டினோம். சம்பந்தியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தது தெரிந்தது. முருகன் கிழவனாக வந்து வள்ளியிடம் தண்ணீர் கேட்கும் கட்டத்தில் பாட்டு வேகமெடுத்தது. எனக்கு மேல்மூச்சு வாங்கியது. நெஞ்சு விரிய இடமில்லை, வயிற்றுக்கும் இடமில்லை. காற்று வாய்வரை வந்து நின்றது. அந்தச் சாக்கில் கொஞ்சம் நிற்கலாம் என்று கும்பிடுவதுபோலக் கையைத் தூக்கினேன். மைதானத்து விளக்கெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் ஆடி வந்தவர்கள் என்மேல் முட்டிக்கொண்டார்கள்.

கண் விழித்தபோது கோயில் சமையல்கூடத்தில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தேன். மகள் என் கன்னத்தைத் தட்டி அழுதுகொண்டிருந்தாள். டெய்லர் அக்கா சேலையைத் தளர்த்திப் பார்த்தார். தன் பையிலிருந்து நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்தார். அந்தச் சின்னக் கத்தரியால் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்.

"நல்ல துணிங்க. லேசுல வெட்டுப்பட மாட்டேங்குது" என்றார்.

கடைசித் தையல் விட்டதும் காற்று உள்ளே வந்தது. அழுகையும் வந்தது. தலையைத் திருப்பினால், வாசலில் சம்பந்தியம்மா தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

எதற்கும் காட்டிவிடலாம் என்று சம்பந்தி வீட்டார் தங்கள் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். என் சலங்கையை மயங்கியபோதே யாரோ கழற்றியிருந்தார்கள். மகள் காலில் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் அடியெடுத்து வைக்க வைக்க, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சத்தம் வராமல் நடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"கழட்டிரு கண்ணு" என்றேன்.

"ஆட்டம் முடியலீங்களே" என்றாள்.

டாக்டர் நெஞ்சைச் சோதித்து, இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். "இதயம், நுரையீரல் எல்லாம் நல்லாருக்கு. வருஷக்கணக்கா விட்டுட்டு ஒரேயடியா ஆரம்பிச்சா மூச்சு வாங்கத்தான் செய்யும். நடையில ஆரம்பிச்சு மெதுவாக் கூட்டுங்க" என்றவர், "டைட்டா ஏதாவது போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார்.

சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் பக்கத்திலேயே இருந்தார்கள். "இல்லீங்க" என்றேன். மகள் கையிலிருந்த துணிப்பைக்குள்தான் அது இருந்தது. அவள் பையைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

மைதானத்துக்குத் திரும்பியபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மங்களம் பாடி எல்லாம் முடிந்திருந்தது. மகள் உட்கார்ந்து சலங்கையை அவிழ்த்து ஆசிரியர் கையில் கொடுத்தாள். பாதி ஆட்டத்தில் நின்ற சலங்கை.

"அம்மாவுக்கு என்னங்கண்ணு ஆச்சு?" என்று கேட்டார் அவர்.

"மூச்சு வாங்கிருச்சுங்க. வயசாகுதுங்களே" என்றாள். எனக்காகத்தான் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

ஸ்கூட்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன். தளர்ந்த சேலைக்குள் வயிறு அதன் இஷ்டத்துக்கு இருந்தது. மூச்சு ஒழுங்காக வந்துபோனது. "என்னால உன்ற ஆட்டமும் போச்சு கண்ணு" என்று அவள் முதுகிடம் சொன்னேன். அவள் வண்டியை இன்னும் கொஞ்சம் முறுக்கினாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்க்கவும் பயம்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். துணிப்பையை என் கையில் கொடுத்தாள். உள்ளே போகப் போனவள் நின்று திரும்பினாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"லேபிளைப் பாத்தனுங்மா" என்றாள். "அது எனக்கே பத்தாதுங்மா."