பெயரின் மேல் ஒரு மஞ்சள் கட்டம்

மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் ஒரு சந்தில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். நடுநடுவே யாராவது போனில் நிரப்பிய விண்ணப்பத்தோடு வருவார்கள். "நல்லாத்தாங்க நிரப்பி அனுப்பினேன், அங்க தொறந்தா கட்டமெல்லாம் காலியா இருக்குங்கறாங்க" என்பார்கள். பிடிஎஃப்பில் நாம் நிரப்புவதும் குறிப்பெழுதுவதும் ஸ்டிக்கர் பொட்டு மாதிரி பக்கத்தின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் தெரியும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். அதைப் பக்கத்தோடு பக்கமாகச் சேர்த்துவிடுவதைத்தான் ஃப்ளாட்டன் என்கிறோம். அதன் பிறகு அது பச்சை குத்தின மாதிரி, உரித்தெடுக்க முடியாது. முன்பெல்லாம் இதை வருகிறவர்களுக்கு உட்கார்ந்து விளக்குவேன். இப்போது வாய் வலிக்கிறது. ஃபைலை வாங்கி, செய்து, அனுப்பிவிடுகிறேன்.

தம்பி மகளின் கல்யாணப் பத்திரிகையையும் நான்தான் செய்தேன். அவள் பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் தங்கிப் படித்தவள். காலையில் அவளுக்கு ரெட்டைச் சடை போட்டுவிட்டுத்தான் நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். அதனால் அந்தப் பத்திரிகையை மட்டும் அலுப்பில்லாமல் செய்தேன். அழைப்பவர்கள் வரிசையில் அத்தை என்ற இடத்தில் என் பெயரையும் போட்டேன். மற்றவர்கள் எல்லாம் கணவன் மனைவியாக ஜோடி ஜோடியாக இருந்தார்கள். நான் மட்டும் தனியாக. எனக்கு விவாகரத்தாகி வெகு காலமாகிறது. வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் தம்பிக்குப் பார்க்க அனுப்பினேன். வீட்டில் எல்லோரும் பார்த்த பிறகு திருப்பி அனுப்பிவிட்டுப் போன் செய்தான்.

"திருத்தமெல்லாம் அதுலயே போட்டிருக்கேன்க்கா. சரி பண்ணி, ஃப்ளாட்டன் பண்ணி பிரஸ்ஸுக்கு அனுப்பிடு."

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபைலைத் திறந்தேன். பக்கம் முழுக்க மஞ்சள் கட்டங்கள். மண்டபத்துக்கு அடையாளம் போடவும். சித்தப்பா பேருக்குப் பின்னால் பி.ஏ. விட்டுப்போச்சு. இதெல்லாம் எந்தப் பத்திரிகையிலும் வருவதுதான். என் பெயரின் மேலும் ஒரு கட்டம் இருந்தது. தம்பி தன் மனைவிக்கு எழுதியது. 'அக்கா பேரு மட்டும் தனியா இருக்கு. சம்பந்தி வீட்டுல கேப்பாங்க. எடுத்துடலாமா?' அதற்குக் கீழே அவள் பதில். 'எடுத்துடுங்க. அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க.'

எனக்கு ஆத்திரமாக வந்தது. சம்பந்தி வீட்டார் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்குள் இவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் போய்விட்டது. மறந்துபோய் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டானா, இல்லை நேரில் சொல்ல வாய் வராமல் என் கண்ணில் படட்டும் என்றே விட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தயிர்சாதத்தை அப்படியே மூடிவைத்தேன்.

மற்ற திருத்தங்களை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். அந்த ஒரு கட்டத்தை மட்டும் தொடவில்லை. அதோடு சேர்த்தே பக்கத்தை ஃப்ளாட்டன் செய்து, அவனுக்கு மட்டும் அனுப்பினேன். 'பாத்துட்டு ஓகே சொல்லு' என்று ஒரு வரியும் போட்டேன்.

அவன் கூப்பிட்டபோது நான் பஸ்ஸில் இருந்தேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலே விழுகிறவர்களைத் தோளால் தள்ளிக்கொண்டு பேச வேண்டியிருந்தது.

"அக்கா, அது தெரியாம அதுலயே வந்துடுச்சு. தப்பா எடுத்துக்காத."

"ம்."

"அத எடுத்துடேன்."

"எத? மஞ்சக் கட்டத்தையா, என் பேரையா?"

கட்டத்தை மட்டும் என்று சொல்லிவிட மாட்டானா என்று இருந்தது எனக்கு. இந்த வயதில், அந்த நெரிசலில், அதற்காக அவ்வளவு ஏங்கினேன்.

"ரெண்டையுந்தான்க்கா" என்றான். "நீ வந்து முன்னாடி நின்னா போதாதா? பேருல என்ன இருக்கு?"

சண்டை போடத் தெம்பில்லை. "சரி, வை" என்றேன்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக, ஃப்ளாட்டன் செய்வதற்கு முன் வைத்திருந்த ஃபைலை எடுத்தேன். கட்டத்தை அழித்தேன். பெயரை அழித்தேன். கீழே இருந்த சித்தப்பா, தன் பி.ஏ.வோடு மேலேறி வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். ஃப்ளாட்டன் செய்து பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பத்திரிகை வந்ததும் கல்யாணப் பெண்ணே ஸ்ரீரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். சமையலறையில் பழையபடி கீழே உட்கார்ந்து, என் பெயரைக் காட்டுவதற்காகப் பத்திரிகையைப் பிரித்தாள். விரல் வரிசையில் மேலிருந்து கீழே போயிற்று. மறுபடி மேலே போயிற்று.

"அத்தை, உங்க பேரு எங்க?"

"நான்தானே டைப் பண்ணேன்" என்றேன். "அவசரத்துல விட்டுப்போச்சு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறுது, குடி என்றேன்.