மெழுகு ஊற்றாத இணைப்பு

1973 நவம்பர் 20, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். இரவெல்லாம் பெய்த மழை நின்றிருந்தது. ஆறரைக்கு நான்கு இட்லி. ஏழேகாலுக்குக் கும்மிடிப்பூண்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கையெழுத்து. கேபிள்களை இணைப்பதும் அவற்றில் வரும் கோளாறுகளைச் சரிசெய்வதும் அங்கே என் வேலை.

ஆபரேட்டர் பெண் எனக்கு முன்பே வந்து, கையில் ஒரு மெமோவுடன் உட்கார்ந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஆபரேட்டர் இணைப்பைப் பிடுங்கிவிடுகிறார் என்று தொழிற்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றின் மேனேஜர் ஒரு மாதமாகப் புகார் எழுதிவந்தார். மறுநாள் பத்து மணிக்குள் விளக்கம் தர வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"நான் பிளக்கைத் தொடவே இல்ல சார். கரகரன்னு சத்தம் வருது, அப்புறம் ஒண்ணுமே கேக்கல. லைன் நல்லா இருக்குன்னு ரிஜிஸ்டர்ல இருக்காம். அதனால தப்பு என்னுதாம்."

ரிஜிஸ்டரில் அப்படி எழுதியிருந்தவன் நான்.

லைன்மேனைக் கூட்டிக்கொண்டு, எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு கேபிள் குழியாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனேன். முதல் இரண்டில் குறையில்லை. ரயில்வே கேட் அருகே மூன்றாவது குழி நிறையத் தண்ணீர். இறைத்துவிட்டு, இணைப்பை மூடியிருந்த ஈயக் குழாயை வெட்டினோம். கம்பிகளைச் சுற்றியிருந்த காகிதம் ஊறிய அப்பளம்போல் கையோடு வந்தது.

"எந்தப் பேமானி இத்த மூடனது? மெழுகே ஊத்தல நைனா."

"நான்தான்."

"நீயா! ஆணியக்கூட எண்ணி வாங்கற ஆளாச்சே!"

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் செய்த இணைப்பு அது. ஆறு மணிக்குள் அடுப்பு, கரண்டி, சுத்தியல் எல்லாம் கழுவிப் பொட்டிட்டுப் சாமி படத்தின்முன் போயாக வேண்டும், வைத்தபின் தொடக்கூடாது. கம்பிகளில் ஈரம் தங்காமலிருக்க ஊற்றும் மெழுகைக் காய்ச்ச நேரமில்லை. குழாயின் ஒரு முனையை ஈயத்தால் அடைத்தேன்; மறுமுனையில் டேப் சுற்றினேன். பூஜை கழிந்து வந்து முடிக்கலாம் என்று நினைத்து, முடித்துவிட்டதாகவே எழுதினேன். பிறகு மறந்துபோனேன்.

"எலி கடிச்சிச்சின்னு எழுதிடு நைனா. எலி வந்து இல்லேன்னா சொல்லப்போவுது?"

"எலின்னா நேத்து கடிச்சதா ஆயிடும், அதுவரைக்கும் லைன் நல்லா இருந்துச்சும்பாங்க. அந்தப் பொண்ணு மேல ஒரு மாசமா புகார் இருக்குப்பா."

"அப்ப மெமோ உனக்குத்தான். பேஜாரு புடிச்ச வேலை."

நனைந்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு சேர்த்தோம். ஈரம் இருந்தால் கொதிக்கும் மெழுகு நுரைக்கும். நுரை அடங்கும்வரை ஊற்றினேன். இரண்டு முனைகளையும் ஈயத்தால் அடைத்து முடிக்கையில் மணி ஐந்து பத்து. தொழிற்சாலைக்குப் போய், மேனேஜரைச் சென்னைக்குப் பேசிப் பார்க்கச் சொன்னேன். ஏழு நிமிடம் பேசினார்.

"இன்னிக்கு அந்தம்மா ஒழுங்கா இருக்காங்க போல" என்றார்.

"அவங்க என்னிக்கும் ஒழுங்காத்தான் இருந்தாங்க சார்" என்றேன்.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு, வருகைக் கையெழுத்துப் போடும் முன்பே, ரிஜிஸ்டரில் அக்டோபர் பக்கத்தைத் திறந்தேன். 'சரிபார்த்து மூடப்பட்டது' என்ற என் வரியை ஒரே கோட்டால் அடித்தேன். 'மெழுகு ஊற்றவில்லை. ஒரு முனை அடைக்கவில்லை. அன்று முதலே பழுது' என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டு, அதிகாரியின் மேஜைமேல் திறந்தபடி வைத்தேன்.