இரண்டாவது நாற்காலி

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். காவலாளி பூட்டைத் திறப்பதற்கு முன்பே சாக்ஸபோன் பெட்டியோடு வாசலில் நிற்பார். இசைக்குறிப்பில் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் வாசிப்பார். ஆனாலும் அவருக்கு இரண்டாவது நாற்காலிதான். முக்கியமான இடங்களை வாசிக்கிறவருக்கான முதல் நாற்காலி அவர் மனைவியின் தம்பிக்கு. அவனுக்கு மழை என்று பெயர். வந்தால் வருவான், வராவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

வருகிற நாளிலும் குடித்த வாடையோடு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவான். "இன்னையோட உனக்கும் எனக்கும் தீர்ந்துச்சு" என்று இசையமைப்பாளர் கத்துவார். மழை தலையாட்டிவிட்டு வாத்தியத்தை உதட்டில் வைப்பான். நாலு வரி கேட்டதும் கத்தினவரே கண்ணைத் துடைத்துக்கொள்வார். பக்கத்தில் இருக்கும் கடிகாரத்துக்கு வயிறு பற்றி எரியும்.

வீட்டிலும் அதே கதை. "பாவங்க, அவனுக்கு ஊதுறதைத் தவிர ஒண்ணும் தெரியாது" என்பாள் மனைவி. கணவர் ஊதுவதைப் பற்றி அவள் இதுவரை சொன்னது, "ஜன்னலைச் சாத்திக்குங்க" என்பது மட்டும்தான்.

கடைசியில் இசையமைப்பாளர் கடிகாரத்திடமே பொறுப்பைக் கொடுத்தார். "காலையில நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துடுங்க." மழையும் குடியைக் குறைத்தான். பல மாதங்கள் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் சாதுவாக வந்தான். பையன் திருந்திட்டான் என்று எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள். கூட்டி வந்தவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஒரு பெரிய பாட்டு வந்தது. நடுவில் சாக்ஸபோன் மட்டும் தனியாக ஒலிக்க வேண்டும். அன்று காலை கடிகாரம் மழையின் கதவை விரல்நுனியால் தட்டினார். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம். மறுபடி தட்டக் கையைத் தூக்கியவர் அப்படியே இறக்கிக்கொண்டார்.

"எழுந்திருக்கல" என்றார் கூடத்தில். தனி வாசிப்பை அவரே வாசித்தார். பிசகே இல்லை. "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு இசையமைப்பாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மழை கலைந்த தலையோடு ஓடிவந்தபோது வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்று குடிக்கவில்லை என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் அது பொய்யும் ஆகிவிட்டது. அதன்பின் கூப்பிட்டவர்கள் ஒன்றிரண்டு பேர். அங்கேயும் அவன் போகவில்லை. சில வருடங்களில் கை நடுங்கியது, முன்பற்கள் விழுந்தன. அக்கா தன் வீட்டுப் பின்னறைக்குக் கூட்டிவந்தாள்.

"அன்னைக்கு நல்லாத் தட்டுனீங்களா?" என்று கணவரிடம் ஒரே ஒருமுறை கேட்டாள்.

"தட்டினேன்."

முதல் நாற்காலி கிடைத்தும் எரிச்சல் அடங்கவில்லை. மழை வாசித்த பழைய பாட்டு எதையாவது போட்டுக் கேட்கும் புது ஆட்கள், "இது வாசிச்சது யாரு சார்?" என்று அவரிடமே கேட்டார்கள்.

ஒரு மத்தியானம் அவர் வீட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். பின்னறையிலிருந்து மழையின் குரல் வந்தது. "அத்தான், அந்த இடத்துல மூச்சு எடுக்காதீங்க. இழுத்துப் பிடிங்க. விழுந்துடும்னு தோணும், விழாது."

இழுத்துப் பிடித்தார். விழவில்லை. அந்த வரி அவருடையதே இல்லை என்பதுபோல் எழும்பி நின்றது.

சமையலறையிலிருந்து மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். "தம்பியா வாசிச்சான்?"

"நான்தான்."

"ஓ" என்றாள். பிறகு, "நல்லா இருந்துச்சு" என்று சேர்த்துக்கொண்டு, தம்பியைப் பார்க்கப் பின்னறைக்குள் போனாள்.

கடிகாரம் அந்த வரியை மறுபடி வாசிக்கவில்லை. வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். வேலை இல்லாத நாள்தான். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்.